பட்டத்தரசி இடம் காலி: ஜோசொன் அரசவையின் முன் இருந்த வழிகள்

கொரியத் தொடர்கள் தமிழ்க் குரலில் வரத் தொடங்கிய பிறகு ஜோசொன் அரண்மனை நம்மில் பலருக்குப் பழகிப்போன இடமாகிவிட்டது. அரசன் ஒரு பணிப்பெண்ணை விரும்புவான், தாயார் சம்மதிக்க மாட்டார், பட்டத்தரசி உள்ளுக்குள் பொருமுவார், துணைவி ஒருத்தி சூழ்ச்சி செய்வாள். இதெல்லாம் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அரசவையை மீண்டும் மீண்டும் உலுக்கிய கேள்வி காதல் பற்றியது அல்ல. பட்டத்தரசி இறந்துவிட்டார், அல்லது விலக்கப்பட்டுவிட்டார். அந்த இடத்தில் அடுத்து யாரை உட்கார வைப்பது?

வழிகள் நான்குதான். இடத்தைக் காலியாகவே விடலாம். அரண்மனைக்குள் ஏற்கெனவே இருக்கும் துணைவி ஒருத்தியை உயர்த்தலாம். வெளியிலிருந்து புதுப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து மணம் முடிக்கலாம். அரசி உயிரோடு இருந்து குழந்தை மட்டும் இல்லை என்றால், நல்ல குடும்பத்துப் பெண்ணைத் தேர்வு வைத்தே துணைவியாகக் கொண்டுவரலாம். நான்கையும் ஜோசொன் அரசர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். விளைவுகளும் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது: அரசவை எப்போதும் பெண்ணின் பிறப்பைப் பார்த்தே முடிவெடுத்தது, பார்த்திருக்க வேண்டியது வாரிசு எந்த நிலையில் இருக்கிறான் என்பதை.

பெயர்கள் ஒன்றுபோல ஒலித்துக் குழப்பும். செஜோ, செஜோங், சொன்ஜோ, சொங்ஜோங் எல்லாரும் வேறு வேறு அரசர்கள். ஆண்டைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது. வயதுகளை அன்றைய கொரியக் கணக்கில் தருகிறேன். அதில் பிறந்தவுடனே ஒரு வயது.

ஒரே ஒரு மனைவி என்ற விதி

ஜோசொனுக்கு முந்தைய கொரியோ அரசில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அந்த வம்சத்தை நிறுவிய வாங் கொனுக்கு 29 மனைவிகள். ஒவ்வொரு வட்டாரத் தலைவனோடும் சம்பந்தம் செய்து நாட்டைக் கட்டியவர் அவர். ஒரு மனைவி இறந்தால் இன்னொருவர் இருப்பார்.

1392-இல் ஜோசொனை நிறுவிய யி சொங்கேவும் பழைய வழக்கப்படி இரண்டு மனைவிகள் கொண்டவர்தான். ஊரில் மூத்தவர் ஹான், தலைநகரில் இளையவர் காங். ஹான் முன்பே இறந்துபோக, காங் பெற்ற கடைசி மகனுக்கு இளவரசுப் பட்டம் கிடைத்தது. ஹான் பெற்ற ஐந்தாவது மகன் யி பாங்வொன் அதைப் பொறுக்கவில்லை. 1398-இல் அந்தத் தம்பியைக் கொன்றார், பிறகு தேஜோங் என்ற பெயரில் தானே அரசரானார். சிற்றன்னையின் மேல் இருந்த கோபம் அவர் இறந்த பிறகும் ஆறவில்லை. காங்கின் சமாதியை 1409-இல் நகருக்கு வெளியே தள்ளினார். அதன் கற்களை எடுத்து அடுத்த ஆண்டு பாலம் கட்ட வைத்தார். சியோல் நகரின் நடுவே ஓடும் சொங்கேசொன் ஓடையில் குவாங்தோங் பாலத்துக்குக் கீழே இன்றும் அந்தக் கற்களைப் பார்க்கலாம். மேகச் சுருள்களும் காவல் தெய்வ உருவங்களும் செதுக்கிய அழகான கற்கள். சிலவற்றைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தேஜோங்தான் 1413-இல் மனைவி இருக்கும்போது இன்னொரு மனைவி கொள்வதைத் தடை செய்தார். மனைவி ஒருத்திதான், மற்றவர்கள் துணைவிகள். இந்த எல்லைக்கோடு பிறகு சட்டத் தொகுப்பிலும் இறங்கியது. துணைவிகளின் மகன்கள் உயர்குடியில் பிறந்திருந்தாலும் அரசுத் தேர்வு எழுதிப் பெரிய பதவிக்குப் போக முடியாத நிலை வந்தது.

அரண்மனைக்குள்ளும் இதே கோடுதான். அரசி எந்தப் பதவி வரிசையிலும் இல்லை. வரிசைக்கு மேலே இருப்பவர். அவருக்குக் கீழே துணைவிகளுக்கு எட்டுப் படிகள். உச்சியில் ‘பின்’, அடுத்து ‘குயின்’, கடைசியில் ‘சுக்வொன்’. அரசி பெற்ற மகன் ‘தேகுன்’, துணைவி பெற்ற மகன் வெறும் ‘குன்’. மகளுக்கும் அப்படியே, ‘கோங்ஜு’ வேறு, ‘ஓங்ஜு’ வேறு. துணைவியின் மகன் அரசனாகலாம்; ஆனால் சட்டப்படி அவனுக்குத் தாய் பட்டத்தரசிதான். பெற்றவள் கடைசி வரை துணைவி. அதனால் பட்டத்தரசி இடம் காலியானால் போனது அரசனின் மனைவி மட்டுமல்ல, அடுத்த அரசனின் சட்டப்படியான தாயும்தான். சிறுவன் அரசனானால் திரைக்குப் பின்னால் அமர்ந்து ஆட்சி நடத்தும் உரிமையும் பட்டத்தரசியாக இருந்த மூத்த பெண்ணுக்குத்தான்.

காலியாகவே விட்டால்

இதில் அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு உதாரணம் போதும், அவ்வளவு தெளிவானது.

செஜோங்கின் மகன் முன்ஜோங் இளவரசராக இருந்தபோதே இரண்டு மனைவிகள் விலக்கப்பட்டார்கள். முதலாமவர் கணவனைக் கவர மாந்திரீகம் செய்தார் என்று 1429-இல், இரண்டாமவர் பணிப்பெண்ணோடு படுக்கையைப் பகிர்ந்தார் என்று 1436-இல். மூன்றாவதாகப் புதுப் பெண் தேட செஜோங்குக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே மகனின் துணைவிகளில் ஒருத்தியாக இருந்த குவோன் என்பவரை இளவரசியாக உயர்த்தினார். அந்தப் பெண் 1441-இல் ஒரு மகனைப் பெற்று மறுநாளே இறந்தார். அதற்குப் பிறகு முன்ஜோங் மணமே செய்துகொள்ளவில்லை. 1450-இல் அரசரானபோதும் அரசி இல்லை. இரண்டே ஆண்டில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

12 வயதுத் தான்ஜோங் அரியணை ஏறினான். தாய் இல்லை, சட்டப்படியான சிற்றன்னை இல்லை, பாட்டியும் போய்விட்டார். அவனை வளர்த்தவர் தாத்தா செஜோங்கின் துணைவி ஹேபின் யாங். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் துணைவிக்கு ஆட்சிப் பொறுப்பு ஏற்கும் தகுதி கிடையாது. 1453-இல் சித்தப்பன் மந்திரிகளைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தார், 1455-இல் அரியணையையும் எடுத்துக்கொண்டார். அவர்தான் செஜோ. ஹேபின் யாங் அதே ஆண்டில் கொல்லப்பட்டார், தான்ஜோங்கின் முடிவு 1457-இல்.

இதோடு 1469-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். சொங்ஜோங் அரியணை ஏறும்போது அவருக்கும் 13 வயதுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: செஜோவின் மனைவியான பாட்டி ஜொங்ஹி உயிரோடு இருந்தார், பேரனுக்காக ஏழு ஆண்டு ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். பையன் 25 ஆண்டு ஆண்டார். வாரிசு சிறுவனாக இருக்கும்போது அந்த இடத்தைக் காலியாக விடுவது, என் பார்வையில், நான்கு வழிகளிலும் மோசமானது. முன்ஜோங்கின் துக்கம் புரிகிறது. இரண்டு முறை மணம் முறிந்து, மூன்றாமவளையும் பிரசவத்தில் இழந்த மனிதர். ஆனால் விலை கொடுத்தது மகன்.

துணைவியை உயர்த்தினால்

மிகவும் பழிக்கப்பட்ட வழி இது. 1701-இல் சுக்ஜோங் இனி எந்தத் துணைவியையும் பட்டத்தரசியாக உயர்த்தக் கூடாது என்று நாட்டின் சட்டமாகவே ஆக்கினார். அதற்குக் காரணமானவர், தொடர்களில் ஆயிரம் முறை வில்லியாக வந்துவிட்ட ஜாங் ஹீபின்.

ஆனால் அதுவரைக்கும் இது ஒன்றும் அபூர்வமான வழி அல்ல. 1400-களில் இதுதான் வழக்கம் என்றே சொல்லலாம். மேலே சொன்ன குவோன் அப்படி வந்தவர். யேஜோங்கின் அரசி ஆன்சுன் அப்படி வந்தவர். சொங்ஜோங்கின் இரண்டு அரசிகள், 1507-இல் ஜுங்ஜோங்கின் அரசியான ஜாங்கியோங் எல்லாரும் முதலில் துணைவிகள்தான். இவர்களில் பெரும்பாலோர் எந்தக் கலவரத்துக்கும் காரணமாகவில்லை. சொங்ஜோங் 1480-இல் உயர்த்திய ஜொங்ஹ்யோன் நல்ல உதாரணம். 1506-இல் கொடுங்கோலனான யொன்சான்குனை மந்திரிகள் இறக்கியபோது, புது அரசனுக்கு ஒப்புதல் தர ஒரு மூத்த அரசி தேவைப்பட்டார். அந்த ஒப்புதலைத் தந்து ஆட்சி மாற்றத்தைச் சட்டப்படி ஆக்கியவர் இவர்தான்.

சரி, அப்படியானால் எங்கே தவறியது? இரண்டு இடங்களில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலாவது, ஜொங்ஹ்யோனுக்கு முன்னால் இருந்த யுன். சொங்ஜோங்கின் முதல் அரசி 1474-இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, கருவுற்றிருந்த துணைவி யுன்னை அரசியாக்கினார்கள். சில மாதங்களில் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டே அவர் அறையில் நஞ்சு கிடைத்தது என்று குற்றச்சாட்டு. 1479-இல் விலக்கினார்கள். 1482-இல் நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். மகனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே இளவரசுப் பட்டம் கட்டினார்கள். அந்த மகன்தான் யொன்சான்குன். 1504-இல், தாயைக் கொல்லக் காரணமானவர்கள் என்று தந்தையின் துணைவிகள் இருவரையும் கொன்றார். அந்த முடிவில் பங்கெடுத்த மந்திரிகளைத் தேடித் தேடித் தண்டித்தார். ஏற்கெனவே இறந்துபோனவர்களின் சமாதிகளைக்கூட விடவில்லை.

இரண்டாவது, ஜாங். மொழிபெயர்ப்பாளர்களாகப் பணியாற்றிய நடுத்தரக் குடியில் பிறந்து அரண்மனைக்குள் வந்தவர். சுக்ஜோங்கின் அரசி இன்ஹ்யோனுக்குக் குழந்தை இல்லை. 1688-இல் ஜாங் மகனைப் பெற்றார். மறு ஆண்டே அந்தக் குழந்தையை வாரிசாக அறிவிக்க அரசர் அவசரப்பட்டார், எதிர்த்த முதுபெரும் அறிஞர் சொங் சியொலுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது, அரசி இன்ஹ்யோன் விலக்கப்பட்டார். 1690-இல் ஜாங் அரசியானார். 1694-இல் அரசர் மனம் மாறி எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். இன்ஹ்யோன் மீண்டும் அரசி, ஜாங் மீண்டும் துணைவி. மந்திரிகள் கட்சிகளாகப் பிரிந்து நின்ற காலம் அது; ஒரு கட்சி மேலே வந்தால் ஒரு அரசி மேலே, அது விழுந்தால் அவரும் விழுவார். 1701-இல் இன்ஹ்யோன் நோயில் இறந்தார். ஜாங் சூனியம் வைத்தார் என்று குற்றம் சாட்டி அவருக்கும் நஞ்சு. மகன்? இளவரசனாகவே தொடர்ந்தான். 1720-இல் கியொங்ஜோங் என்ற அரசனானான். அவன் ஆட்சியின் நான்கே ஆண்டுக்குள், தாயைக் கொன்ற பக்கம் நின்ற கட்சியின் தலைவர்கள் உயிரிழந்தார்கள்.

இரண்டு கதைகளிலும் விஷயம் ஒன்றே. துணைவியை ஏற்றியதால் நாடு எரியவில்லை. ஏற்றியவளை இறக்கி, கொன்று, அவள் பெற்ற பிள்ளையை மட்டும் அரியணைக்கு வைத்துக்கொண்டார்கள், அதுதான் எரித்தது. ஜாங்கின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவர் வந்தது காலியான இடத்துக்கு அல்ல. உயிரோடு இருந்த ஒரு அரசியைத் தள்ளிவிட்டுத்தான் இடமே உண்டானது. அதைச் செய்தவர் சுக்ஜோங். கொல்லவும் அவரே உத்தரவிட்டார். பிறகு சட்டம் போட்டு, வரப்போகும் துணைவிகள் அத்தனை பேர் மேலும் பழியைப் போட்டார். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் மரியாதை வரவில்லை. தடுத்திருக்க வேண்டியது வாரிசின் தாயைக் கொல்வதை.

சியோலில் சில்குங் என்று ஒரு கோவில் வளாகம் இருக்கிறது. அரசர்களையும், பின்னால் அரசர் பட்டம் பெற்றவர்களையும் பெற்ற ஏழு துணைவிகளுக்கான வழிபாட்டு இடம். ஜாங்குக்கும் அங்கே ஒரு சன்னிதி. மற்ற சன்னிதிகளின் தூண்கள் சதுரம். அவருடையவை மட்டும் உருண்டை. உருண்டைத் தூண் உயர்ந்த தகுதிக்கு உரியது. சில ஆண்டுகளே என்றாலும் அவர் அரசியாக இருந்தவர் என்பதைக் கட்டடம் கட்டியவர்கள் மறக்கவில்லை.

புதுப் பெண்ணைக் கொண்டுவந்தால்

கௌரவமான வழி என்று மந்திரிகள் எப்போதும் பரிந்துரைத்தது இதைத்தான். ‘கான்தேக்’ என்ற தேர்வு. அறிவிப்பு வந்தவுடன் நாடு முழுக்க உயர்குடிப் பெண் பிள்ளைகளின் கல்யாணம் நிறுத்தப்படும். தகுதியுள்ள வீடுகள் மகளின் பிறந்த நாள் நேரம், தந்தை வழி முன்னோர் விவரம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று சுற்றுத் தேர்வு. முதல் சுற்றில் ஏறக்குறைய முப்பது பேர், இரண்டாவதில் ஐந்தாறு பேர், கடைசியில் மூன்று பேர். தேர்வானவள் பிறந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். தனி மாளிகை ஒன்றில் தங்கி அரண்மனை நடைமுறைகளைக் கற்க வேண்டும்.

ஊரே ஓடி வந்து மகளை நிறுத்தும் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலான வீடுகள் பயந்தன. உடைக்கும் பல்லக்குக்கும் ஆகும் செலவு ஒன்று. அதைவிட, மகள் தேர்வானால் குடும்பமே கட்சிச் சண்டையின் நடுவில் போய் நிற்கும். 1743-இல் இளவரசர் சாதோவுக்குப் பெண் பார்த்தபோது தேர்வான ஹேகியொங், முதிய வயதில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அதைச் சொல்கிறார். அப்போது ஒன்பது வயது. வீட்டில் புதுத் துணி வாங்க வசதியில்லை. இறந்துபோன அக்காவின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த துணியில் பாவாடை தைத்தார்கள், உள்துணிக்குப் பழைய உடையைப் பிரித்துப் போட்டார்கள். நாட்டின் வருங்கால அரசியைத் தேடும் இடத்துக்கு அந்தச் சிறுமி போனது அப்படி.

வயது வித்தியாசம்தான் இந்த வழியின் பெரிய கோளாறு. அரசர் கிழவராகியிருப்பார், வரும் பெண்ணோ சிறுமி. 1602-இல் 51 வயதுச் சொன்ஜோவுக்கு 19 வயது இன்மொக். 1638-இல் 44 வயது இன்ஜோவுக்கு 15 வயது ஜாங்நியொல். 1759-இல் 66 வயது யொங்ஜோவுக்கு 15 வயது ஜொங்சுன். கடைசிக் கல்யாணத்தில் மணப்பெண் தன் ‘மகன்’ சாதோவைவிடப் பத்து வயது சின்னவர். அந்த மணவிழா ஊர்வலத்தை வண்ண ஓவியமாக வரைந்து அரசவைப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். குதிரைகள், கொடிகள், பல்லக்குகள் என்று பக்கம் பக்கமாக நீள்கிறது. வியக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பல்லக்குக்குள் இருந்தது ஒரு பதின்வயதுப் பிள்ளை என்பதையும் மறக்க முடியவில்லை.

ஈவிரக்கத்தை ஓரம் வைத்து அரசவையின் கணக்கிலேயே பார்ப்போம். சொன்ஜோவின் முடிவு பேரழிவாக முடிந்தது. அவருக்கு ஏற்கெனவே வளர்ந்த வாரிசு இருந்தான்: துணைவி பெற்ற மகன் குவாங்ஹேகுன். 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பு நடந்தபோது அவசரமாக இளவரசராக்கப்பட்டு, போர்க்காலத்தில் நாட்டைச் சுற்றிப் படை திரட்டியவர். அப்படி ஒருவர் இருக்கும்போது அரசர் புது மனைவி கட்டினார். 1606-இல் இன்மொக் மகனைப் பெற்றார். பட்டத்தரசி பெற்ற பிள்ளை! துணைவியின் மகன் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இந்தக் கைக்குழந்தைக்கு ஒரு படி கீழே. இரண்டு ஆண்டில் சொன்ஜோ இறந்தார். குவாங்ஹேகுன் அரசரானார், ஆனால் தூக்கம் போனது. 1613-இல் அந்தக் குழந்தையைக் கங்ஹ்வா தீவுக்கு நாடு கடத்தினார்கள். அடுத்த ஆண்டு அது உயிரோடு இல்லை. தன்னைவிட ஒன்பது வயது சிறியவரான சிற்றன்னையை 1618-இல் அரசிப் பட்டம் பறித்து அடைத்தும் வைத்தார்கள். 1623-இல் அவரை இறக்கியவர்கள் சொன்ன பெரிய குற்றமே இதுதான்: தம்பியைக் கொன்றான், தாயைச் சிறை வைத்தான். அந்தக் கல்யாணம் நடக்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டு குற்றத்துக்கும் வாய்ப்பே இல்லை.

ஜுங்ஜோங்கின் கதை கொஞ்சம் வேறு. அரசி ஜாங்கியோங் 1515-இல் வாரிசைப் பெற்றதும் இறந்தார். கியொங்பின் பாக் என்ற துணைவி அடுத்த அரசியாகக் கூடும் என்ற பேச்சு இருந்தது. ஆனால் அவருக்கு ஏற்கெனவே ஆறேழு வயது மகன். அவரை உயர்த்தினால் தாயில்லாத கைக்குழந்தையின் கதி என்ன? அதனால் புதுப் பெண் முன்ஜொங் 1517-இல் வந்தார். அந்த இடத்தில் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். இந்த ஒரு முறை வாரிசைப் பார்த்து முடிவெடுத்தார்கள். பல ஆண்டுக்குப் பிறகு முன்ஜொங்குக்கே மகன் பிறந்தபோது ஆபத்து வேறு வாசல் வழியாக வந்தது என்பது வேறு விஷயம். 1545-இல் அந்த மகன் அரசனாக, தாய் எட்டு ஆண்டு ஆட்சி செய்தார்; எதிர்த்தரப்பார் ஆரம்பத்திலேயே களையெடுக்கப்பட்டார்கள்.

புதுப் பெண் நன்றாக அமைந்த உதாரணமும் உண்டு. ஜாங் இறந்த மறு ஆண்டு, 1702-இல், சுக்ஜோங் கொண்டுவந்த இன்வொன். குழந்தை இல்லை. கியொங்ஜோங்குக்கும் பிள்ளை இல்லாமல் போக, 1721-இல் தம்பி யொங்ஜோவை வாரிசாக ஏற்க ஒப்புதல் தந்தவர் இவர். ரத்த ஆறாக ஓடிய அந்தக் காலத்தில் யொங்ஜோ உயிர் பிழைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு.

அப்புறம் ஜொங்சுன். 1759-இல் வந்த அந்தப் பதினைந்து வயதுப் பெண் பிள்ளை பெறவில்லை. ஆனால் 1800-இல் 11 வயதுச் சுன்ஜோ அரசனானபோது அரண்மனையில் மூத்த அரசி அவர்தான். சட்டப்படி பையனுக்குக் கொள்ளுப்பாட்டி. மூன்று ஆண்டுக்கும் மேல் ஆட்சி அவர் கையில் இருந்தது. 1801-இல் 66,000-க்கும் மேற்பட்ட அரசு அடிமைகளின் பதிவேடுகளை எரித்து விடுதலை செய்தது அவர் காலத்தில். கத்தோலிக்கர்களை வேட்டையாடியதும் அதே ஆண்டில், அவர் உத்தரவில். கிழ அரசர் ஒருவரின் வெறுமையான இடத்தை நிரப்ப எடுத்த முடிவு 40 ஆண்டு கழித்து நாட்டின் தலையெழுத்தாக வந்து நின்றது.

தேர்ந்தெடுத்த துணைவி

அரசி இருக்கிறார், பிள்ளை இல்லை. பணிப்பெண்ணின் வயிற்றில் வாரிசு பிறப்பதை மந்திரிகள் விரும்பவில்லை. அப்போதுதான் இந்த வழி. சுக்ஜோங் 1686-இல் இன்ஹ்யோன் இருக்கும்போதே ஆன்தோங் கிம் குடும்பத்துப் பெண்ணை இப்படித் தேர்ந்தெடுத்துப் பார்த்தார். பலன் இல்லை.

நன்றாகப் பயன்படுத்தியவர் யொங்ஜோவின் பேரனான அரசர் ஜொங்ஜோ, ஆனால் முதல் அடி சறுக்கல்தான். 1778-இல் நெருங்கிய மந்திரி ஹோங் குக்யொங் தன் தங்கையையே துணைவியாக உள்ளே அனுப்பினார், எடுத்த எடுப்பில் ‘பின்’ என்ற உச்சப் பதவியில். 13 வயது அந்தப் பெண்ணுக்கு. மறு ஆண்டே இறந்துபோனது. அண்ணன் ஆட்டமும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1780-இல் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரிசு வரவில்லை.

நடுவில் தேர்வு எதுவும் இல்லாமல் வந்தவர் உயிபின் சொங். அரசர் தன் கையாலேயே எழுதிய கல்வெட்டு வாசகம் சொல்கிறது: இளம் வயதில் ஜொங்ஜோ கேட்டபோது, இளவரசிக்கே இன்னும் குழந்தை இல்லையே என்று அழுது மறுத்தாராம். பல ஆண்டு கழித்து மீண்டும் கேட்டபோதும் முதலில் மறுத்தாராம். 1782-இல் மகன் பிறந்தான், 1786-இல் அம்மையைப் போன்ற மணல்வாரி நோயில் போய்விட்டான். சில மாதங்களில், வயிற்றில் இன்னொரு குழந்தையோடு அவரும் இறந்தார். நான்கு வழிகளையும் அலசும்போது என்னை அதிகம் நிறுத்தியது இவர்தான். மறுக்க உரிமையே இல்லாத இடத்தில் இரண்டு முறை மறுத்த பெண்.

1787-இல் தேர்வு மூலம் வந்த சுபின் பாக் 1790-இல் மகனைப் பெற்றார். மேலே சொன்ன சுன்ஜோதான் அவன். குழந்தையைச் சட்டப்படி அரசி ஹ்யோயியின் மகன் ஆக்கினார்கள். அரசிக்கும் துணைவிக்கும் பகை இல்லை, வேறு மூத்த மகன் இல்லை, யாரையும் விலக்கவும் வேண்டியதில்லை. பிறந்த நாளிலிருந்து அந்தப் பையனின் உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஜோசொன் வரலாற்றில் வாரிசு விஷயம் இவ்வளவு சுத்தமாக முடிந்த தருணங்கள் குறைவு. இதன் குறை, இது அரசி உயிரோடு இருந்தால் மட்டுமே முழுமையாக வேலை செய்யும் என்பது.

எந்த நிலையில் எது

வாரிசு சிறுவன் என்றால் இடத்தைக் காலியாக விடவே கூடாது. பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கும் துணைவி இருந்தால் அவரை உயர்த்தலாம். அவருக்கே வளர்ந்த மகன் இருந்தால் வேண்டாம், புதுப் பெண் மேல். வாரிசு வளர்ந்தவன், துணைவி பெற்றவன் என்றால் புதுக் கல்யாணத்தைத் தவிர்த்துவிட்டு அவனைப் பெற்றவளையே உயர்த்துவது நல்லது, அவள் உயிரோடு இருந்தால். பெற்றவள் இல்லை என்றால் காலியாக விடுவதே குறைந்த ஆபத்து. வாரிசே இல்லை, அரசி இருக்கிறார் என்றால் ஜொங்ஜோ செய்தது போல.

1701 சட்டம் இந்தக் கணக்கில் பாதியை அழித்துவிட்டது. அதற்குப் பிறகு அரசி என்றால் வெளியிலிருந்து, பெரிய குடும்பத்திலிருந்துதான். அந்தக் குடும்பங்கள் மகளோடு சேர்ந்து உள்ளே வந்தன. 1802-இல் சுன்ஜோவின் அரசியைத் தந்த ஆன்தோங் கிம் குலம், பின்னால் பொங்யாங் ஜோ குலம் என்று 1800-களின் பெரும்பகுதியில் நாட்டை ஆண்டது மாமனார் வீடுகள்தான். பதவிகள் விலைக்குப் போயின. எளிய குடியிலிருந்து வந்த துணைவிக்கு இப்படிப் பின்னால் நிற்க ஒரு குலம் இருந்திருக்காது. யொங்ஜோவைப் பெற்ற சுக்பின் சொயேவை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் 52 ஆண்டு ஆண்டபோதும் தாய்வழிச் சொந்தங்கள் யாரும் நாட்டைச் சுருட்டவில்லை.

கடைசியாக இந்தக் கேள்வி வந்தது கோஜோங்குக்கு. 1895 அக்டோபரில் அரசி மின்னை ஜப்பானியர் அரண்மனைக்குள்ளேயே புகுந்து கொன்றார்கள். அவர் பெற்ற மகன் சுன்ஜோங் அப்போது இருபதைத் தாண்டிய இளவரசர். புதுப் பெண் வேண்டியதில்லை. பணிப்பெண்ணாக வந்து அரசரின் துணையான ஒம் இருந்தார். 1896-இல் கோஜோங் ஜப்பானியக் காவலிலிருந்து தப்பி ரஷ்யத் தூதரகத்துக்குப் போனதில் பங்கெடுத்தவர், 1897-இல் மகன் பெற்றவர், 1906-இல் பெண்களுக்கு இரண்டு பள்ளிகள் நிறுவக் காரணமானவர். பட்டத்துக்குத் தகுதி வேறு என்ன வேண்டும்? மூத்த மகன் வளர்ந்தவன், குழந்தை இல்லாதவன். ஒம் பெற்ற மகன்தான் 1907-இல் அடுத்த வாரிசாகவும் ஆனான். அவரை உயர்த்தியிருந்தால் யாருக்கும் ஒரு இழப்பும் இல்லை. துணைவிகளுக்கு உச்சமான பதவியை 1903-இல் தந்தார்கள். அரசிப் பட்டம் மட்டும் தரவில்லை. 1911-இல் ஒம் இறந்தபோது நாடே கையை விட்டுப் போயிருந்தது, சுக்ஜோங்கின் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.